போன் நடந்த தூரம்

என் வீட்டுக்காரர் அலெக்ஸுக்குச் சர்க்கரை முன்னூற்றுப் பத்து. தினமும் ஆறாயிரம் ஸ்டெப் நடக்கணும், இல்லையென்றால் ஊசிதான் என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றோடு என் தூக்கம் போயிற்று. இவர் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க நாற்காலி. நடந்தால் போண்டா கடைக்குத்தான்.

நான் சட்டம் போட்டேன். கடை மூடி வந்ததும் போனைக் காட்டணும். அதில் ஸ்டெப் எண்ணும் ஆப் இருக்கிறது. ஆறாயிரம் என்றால் மீன் குழம்பு. குறைந்தால் கேப்பைக் கூழ்.

ஒரு வாரம் கூழ் குடித்தார். பிறகு பார்சல் பார்சலாக வந்து இறங்கியது. விரல் நீளத்தில் ஒரு போர்டு, பொடி மோட்டார், ஒயர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன். சமையல் மேடையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஈயம்.

"ஏங்க, வீடு பத்திக்கினு எரிஞ்சா என்னா பண்றது?"

"அஞ்சு வோல்ட்டு மலரு. எறும்பக்கூட அடிக்காது."

"லேப்டாப்புல என்னா தட்டிக்கினே கெடக்கறீங்க?"

"புரோகிராம். போர்டுக்குள்ள ஏத்தணும். எட்டாங்கிளாஸோட நின்னவளுக்குப் புரியாது, போ."

போனேன்.

மறுநாளிலிருந்து ஆறாயிரத்து நூறு, ஆறாயிரத்து இருநூறு. நான் நம்பிவிட்டேன். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் தொப்பை மட்டும் நம்பவில்லை.

ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்கு ஸ்கூட்டரில் போனோம். போனை மறந்துவிட்டேன் என்றார். இரண்டு மணி நேரம் என் கண்ணெதிரே கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பினால் கட்டிலுக்கடியில், அவர் தினமும் கடைக்குக் கொண்டுபோகும் பைக்குள் டிக் டிக். மோட்டாரில் மரஸ்கேல், ஸ்கேலில் ரப்பர் பேண்டால் கட்டிய போன். தொட்டில் பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஆறாயிரத்து நானூறு!

இத்தனை நாளும் நடந்தது போன்தான்; சர்க்கரை அப்படியே இருந்திருக்கும். ஆனால் கத்தவில்லை. கத்தினால் இன்னொரு மெஷின் செய்வார்.

மீனைப் பரிமாறியபடி சொன்னேன். "இப்படி நடக்கறீங்களே, எனக்கு ரொம்ப சந்தோஷங்க. வேளாங்கண்ணி பாதயாத்திரைக்கு ஆள் சேக்கறாரே நம்ம சவுரிராயன், அவருகிட்ட ஒங்க பேரக் குடுத்துட்டேன்."

மீன் பாதி வழியில் நின்றது.

"நடந்தா?"

"பின்ன, பறந்தா? பத்தே நாளு. ஒங்களுக்கு ஜுஜுபி."

"கடைய யாரு பாக்கறது?"

"நான்தான். ஜெராக்ஸ் எடுக்க எட்டாங்கிளாஸ் போதும். முடியாதுன்னா, ஏன்னு சவுரிராயன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மெஷின் கதையையா சொல்வார்? மறுநாள் விடியற்காலையே நடந்து பழகக் கிளம்பிவிட்டார். சவுரிராயனை எங்கே கண்டாலும் வேறு சந்தில் திரும்பினார். அதில் தினமும் நாலு தெரு கூடுதல் நடை. இரண்டு மாதத்தில் சர்க்கரை நூற்று நாற்பது. மெஷின்மேல் தூசி.

புறப்படும் நாள். காவி வேட்டி, காவித் துண்டு, புது கேன்வாஸ் ஷூ. கோயில் வாசலில் சவுரிராயன் லிஸ்டை இரண்டு தடவை புரட்டினார்.

"அண்ணே, ஒங்க பேரே இல்லியே. யாரும் குடுக்கலியே!"

அலெக்ஸ் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வந்தது வந்துட்டீங்க," என்றேன். "வாங்க, வீட்டுக்கு நடந்தே போலாம்."