மாமனாரை நனைத்த கண்ணாடிச் சட்டம்

கல்யாணம் பேசி முடியும்வரை ஆண்பிள்ளைகளின் கையில் குறடு, சுத்தியல் ஒன்றையும் கொடுக்கக் கூடாது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் மூக்கு நீண்ட, கூரையில்லாத கார்ப் படமொன்றைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பைத்தியம். பழைய மொறிஸ் கார் ஒன்றின் அடிச்சட்டமும் இன்ஜினும் கிடைத்தன. உடம்புக்கு என் மாமி மகன் குணம் இருந்தான். வாவிக்கரையில் பைபர் தோணி வார்ப்பவன். காரையும் வார்த்தான். சோக்காகத்தான் இருந்தது. கதவு மட்டும் இல்லை.

"கதவு எங்க மச்சான்?"

"தோணிக்குக் கதவு வச்சா என்னடா நடக்கும்? ஏறிக் குதி!"

முன்கண்ணாடிச் சட்டத்தில்தான் வினை தொடங்கியது. புத்தியுள்ளவன் சட்டத்தை வைத்துப் பார்த்து உடம்பை வார்ப்பான். நாங்கள் உடம்பை வார்த்துவிட்டுச் சட்டம் தேடினோம். மொறிஸ் சட்டத்தின் அடி நேர். குணம் வார்த்த மூக்கோ தோணி வளைவு. பொருந்துமா? பொருந்த வைக்கிறேன் பார் என்று ஒரு மூலையில் திருகாணியை முறுக்கினேன். சடக்! பைபர் வெடித்தது. மற்ற மூலையையும் முறுக்கினேன். அதுவும் சடக். (முதல் சடக்குக்குப் பிறகும் ஏன் முறுக்கினாய் என்று கேட்காதீர்கள்.) வெடிப்புகளை ஒட்டிச் சட்டத்தை ஒருவாறு நிறுத்தியபோது, அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

"றப்பர் வாங்குவமா?"

"தோணிக்கு றப்பரா வைக்கிறம்? பொறு." மரத்தோணியின் பலகை இடுக்கை அடைப்பதுபோல, பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினான். "ஒரு சொட்டும் போகாது. நான் பொறுப்பு."

அந்த வாரமே வாவிக்கு அக்கரை மண்டூரிலிருந்து, எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் செல்வியின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே வீட்டுக்குள் என்ன வந்து சேரப்போகிறது என்று பெண்ணின் அப்பா நன்றாகத் தட்டிப் பார்ப்பார். அவர் மாட்டேன் என்றால் செல்வி எனக்கில்லை. அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

குருமண்வெளித் துறையில் காருடன் காத்திருந்தோம். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில் இன்ஜினை ஓடவே விட்டிருந்தேன். வெள்ளை வேட்டி, கையில் குடையுடன் படகிலிருந்து இறங்கியவர் காரைச் சுற்றி வந்து கதவைத் தேடினார்.

"ஏறிக் குதிக்கணும் மாமா," என்றேன். (அதற்குள் மாமா!)

வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். புறப்பட்டதும் மாரி மழை பிடித்தது. மேலே தார்ப்பாய் இழுத்திருந்ததால் நான் கவலைப்படவில்லை. அப்போது அவர் முழங்காலில் பழுப்பாக ஏதோ சொட்டியது. இன்ஜின் சூட்டில் குங்கிலியம் உருகிவிட்டது! அடுத்துப் பஞ்சு விழுந்தது. அதன் பின்னால் மழையே உள்ளே வந்தது.

வந்த தண்ணீர் வெளியே போகவேண்டுமே! குணம் சொன்ன சொல் தவறவில்லை, ஒரு சொட்டும் போகவில்லை. கணுக்கால் மூழ்கும் நேரத்தில் இன்ஜினும் நின்றது.

"மாமா, காலடியில தேங்காச் சிரட்டை கிடக்கு, எடுத்து இறைங்க," என்றான் பின்னாலிருந்த குணம், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அவரும் குனிந்து இறைத்தார். எதிரே மாட்டுவண்டியில் வந்தவர், "என்ன, மீன் படுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காரைத் தள்ளிக்கொண்டே களுவாஞ்சிகுடி வந்து சேர்ந்தோம். எங்கள் வீட்டு முற்றத்தில் வேட்டியைப் பிழிந்தபடி மாமா சொன்னார்: "வாவியால வரக்குள்ள ஒரு சொட்டும் நனையல்ல தம்பி. றோட்டால வந்துதான் நனைஞ்சன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று தலைகுனிந்து நின்றேன். அம்மா கொடுத்த தேத்தண்ணியை மாமா ஆற அமரக் குடித்து முடித்தார்.

"என்ன செய்யிற? மகள் உங்களத்தான் கல்யாணம் முடிப்பன் எண்டு நிக்காள். மாப்பிள்ளை எங்கட வீட்டுக்கு வரலாம். கார் வாவிக்கு அங்கால வரப்படாது."

கார் வரவில்லை. குணம் அதன் உடம்பைக் கழற்றி வாவியில் விட்டான், அருமையாக மிதந்தது.

ஆனால் மண்டூர் வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது திருத்தலாம் என்று குறட்டை எடுத்தால் போதும். செல்வி சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொள்வாள். உடனே பேரப்பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்த கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மம்மா, சிரட்டை எங்க?" என்று கத்துவார்கள்.