ஓணான்கரட்டில் ஒரு வெளிநாட்டுப் பயணம்

நீள்குடை நாட்டில் மழை பெய்தாலும், பெய்கிறது என்று அரண்மனை அறிவித்த பிறகே நனைய வேண்டும் என்று சட்டம் இருந்தது. குறை சொல்லக் கூடாது என்று மட்டும் சட்டம் கிடையாது. ஆனால் ‘இது குறையில்லா நாடு’ என்று மாமன்னர் திருமுடியார் பறைசாற்றியிருந்தபடியால், குறை சொல்பவர் மாமன்னரைப் பொய்யராக்குகிறார் என்று ஆயிற்று. அதற்குச் சட்டம் இருந்தது, சிறையும் இருந்தது.

அந்தச் சிறையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள் ஓணான்கரட்டு வேலாத்தா. ஊருக்கும் அக்கரை மருத்துவமனைக்கும் நடுவே ஓடும் ஆற்றுக்கு ஒரு பாலம் கேட்டாள், அவ்வளவுதான். பதினோரு மனுவுக்கும் ஒரே பதில் வந்தது: பாலம் ஏற்கெனவே இருப்பதை அரண்மனை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. அடுத்து நேரிலேயே போய், “எங்கீங்க இருக்குது? காட்டுங்க” என்றாள். உள்ளே தள்ளிவிட்டார்கள். உண்மையில் இருந்தது ஒரே ஒரு பரிசல். மகள் மயிலாவின் முதல் பிள்ளை, பரிசலுக்குக் காத்திருந்த நேரத்தில் கரையிலேயே பிறந்து இறந்துபோனது. இப்போது மறுபடியும் ஐப்பசியில் பிரசவம். இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேலாத்தாவுக்கு வேறு நினைப்பு இல்லை.

அந்தச் சமயம் பார்த்து மாமன்னருக்கு வெளிநாடு பார்க்கும் ஆசை வந்தது. மூன்றே நாள் பயணம். நாடும் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய நாடென்றால் கால் வலிக்கும். பயண அமைச்சர் பெருஞ்சொல்லார் பூதக்கண்ணாடி வைத்து வரைபடத்தைத் துழாவி, ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே வின்ஸ்டால் என்றொரு நாட்டைக் கண்டுபிடித்தார். காலையில் நடக்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் மறு எல்லை வந்துவிடும்.

“தெரியாத இடத்துக்கு மாமன்னர் திடுதிப்பென்று எழுந்தருள இயலாது. ஒத்திகை அவசியம்” என்றார் அமைச்சர். “அந்நாட்டின் நீள அகலத்துக்கு அச்சாக நம்மிடம் ஓர் ஊர் இருக்கிறது. மலைக்குப் பதில் கரடும் இருக்கிறது.”

இப்படித்தான் ஓணான்கரடு வின்ஸ்டால் ஆனது. ஒத்திகை முடியும்வரை ஊரார் அனைவரும் அயல்நாட்டவர் என்று அரசாணை வந்தது. பனிக்காகக் கரடு முழுக்கச் சுண்ணாம்பு கொட்டினார்கள். ஆடு மேய்க்க இடமில்லாமல் போயிற்று. புரட்டாசிப் புழுக்கத்தில் ஆளுக்கொரு கம்பளிச் சட்டை கொடுத்து, கழற்றினால் குற்றம் என்றார்கள். ஊர் அதையும் பொறுத்துக்கொண்டது. கடைசியில் ஆற்றை நாட்டின் எல்லையாக அறிவித்து, பாஸ்போர்ட் இல்லாமல் யாரும் தாண்டக் கூடாதென்று பரிசலைக் கரையேற்றிச் சங்கிலி போட்டார்கள்.

வேலாத்தா எல்லை அதிகாரியிடம் போய் நின்றாள்.

“ஏனுங்க, புள்ள மாசமா இருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோணும்.”

“தாராளமாகப் போகலாம் அம்மா. பாஸ்போர்ட் கொண்டு வாருங்கள்.”

“அதெங்க தருவாங்க?”

“உங்கள் நாட்டில்.”

“எங்க நாடு எதுங்க?”

அதிகாரி அரசாணையைப் புரட்டினார். “தற்சமயம் வின்ஸ்டால்.”

“அப்ப நாங்க உங்க ராசாவோட குடிமக்கமாரு இல்லீங்களா?”

“ஆணைப்படி இல்லை.”

வேலாத்தா அதை மனதில் முடிந்துகொண்டு திரும்பினாள்.

மாமன்னர் வந்தார். சுண்ணாம்பைப் பார்த்துக் குளிரில் நடுங்கினார். வியர்வையைத் துடைக்க இருவர் கூடவே நடந்தார்கள். பிறகு அயல்நாட்டாரிடம் கேட்க வேண்டிய மரியாதைக் கேள்வியைக் கேட்டார். “உங்கள் நாட்டில் ஏதேனும் குறை உண்டா?”

“நாங்க வெளிநாட்டுக்காரங்க. சொல்லலாமுங்களா?” என்றாள் வேலாத்தா.

“தாராளமாக.”

“ஆத்துக்குப் பாலம் இல்லீங்க. பிரசவத்துக்குப் போற வழியிலயே புள்ளைங்க செத்துப்போயிருதுங்க. எம் பேத்தி அப்படித்தானுங்க போச்சு.”

மாமன்னரின் கண்கள் கலங்கின. நடிப்பில்லை, உண்மையிலேயே கலங்கின. “எப்பேர்ப்பட்ட கொடியவன் இந்த நாட்டை ஆள்கிறான்?” என்று கேட்டார். அமைச்சர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

“வின்ஸ்டால் மக்களுக்கு நம் அன்பளிப்பாக உடனே ஓர் இரும்புப் பாலம்” என்று மாமன்னர் ஆணையிட்டார். வேலாத்தா அழுதேவிட்டாள். நல்லா இருக்கோணும் சாமி என்று அவள் வாழ்த்தியது அடிமனதிலிருந்து வந்தது.

வெளிநாடு பார்த்தாகிவிட்டபடியால் நிஜப் பயணம் ரத்தானது. பாலம் ஒரே வாரத்தில் தயாரானது. ஆணையில் வின்ஸ்டால் என்றிருந்ததால் அதிகாரிகள் அதைக் கப்பலேற்றி வின்ஸ்டாலுக்கே அனுப்பினார்கள். அங்கிருந்து நன்றிக் கடிதம் வந்தது. தங்களிடம் ஆறுகளைவிடப் பாலங்கள் அதிகம் என்றும், வந்த பாலத்தைப் பூங்காவில் புல்வெளிமேல் நிறுத்தியிருப்பதாகவும், மாடுகள் அதன் நிழலில் படுக்கின்றன என்றும் எழுதியிருந்தார்கள். அரண்மனை அதைக் கண்ணாடி போட்டு மாட்டியது.

ஊராரை மறுபடி குடிமக்களாக்கும் கோப்பு மட்டும் நகரவில்லை. ஐப்பசியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஒரு நண்பகலில், சங்கிலி போட்ட பரிசலின் பக்கத்தில், நான்கு பெண்கள் கம்பளிச் சட்டைகளைக் கழற்றி மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க, மயிலா ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். குழந்தை அழக் கொஞ்ச நேரமாயிற்று. அழுத பிறகுதான் வேலாத்தாவுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் பிறப்பைப் பதிய அதிகாரி வந்தார். “நல்ல செய்தி அம்மா. கோப்பு நாளை கையெழுத்தாகிறது. ஒருநாள் பொறுத்தால் குழந்தையை நம் நாட்டுக் குடிமகளாகவே பதிந்துவிடலாம்” என்றார்.

வேலாத்தா ஆற்றைப் பார்த்தாள். மடியில் கிடந்த பேத்தியைப் பார்த்தாள்.

“இன்னைக்கே எழுதிக்குங்க. வெளிநாடுன்னே எழுதுங்க” என்றாள். “நாளப்பின்ன இவ வாயத் தொறந்து ஒண்ணு கேட்டா, ராசா காதுலயாச்சும் விழட்டும்.”