கான்பூர் துரையிடம் கேட்ட ஒரே கேள்வி

ஆம்பூர், 12 செப்டம்பர் 1934

கான்பூர் தோல் கம்பெனியில் துரைக்குக் கீழே வேலை பார்க்கும் மகன் இருதயராஜுக்கு, சர்வேசுரன் கிருபையால் உன் தகப்பன் தேவசகாயம் உயிரோடிருந்து, உபதேசியார் கையால் எழுதுவது. உயிரோடிருப்பதை ஏன் முதலில் போடச் சொன்னேன் என்பது கீழே வாசித்தால் தெரியும்.

நீ கடிதம் போட்டு மூன்று வருஷம் நாலு மாசம். உன் துரை தோல் வாங்க நம் டேனரிக்கு வருகிறார் என்றதும் உன் அம்மா, "புள்ள இருக்கிறானா இல்லையான்னு அவரையாவது கேளு" என்று அழுதாள். என் வாயாலேயே இங்கிலீஷில் கேட்கத் தீர்மானித்தேன். டேனரி குமாஸ்தா அப்துல் ஹமீதின் இங்கிலீஷ் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் இந்துஸ்தானியில் அர்த்தம் இருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும், சாயபுமாரோடு நாற்பது வருஷம் தோல் கழுவியதில் எனக்கு இந்துஸ்தானி தெரியுமே. "நேத்து பார்த்தியான்னு கேட்டா அது நேத்தோட போச்சு, பெரியவரே. ஹேவ் யூ சீன்னா தேக்கா ஹை. பார்த்தது இன்னும் கண்ணுல நிக்குது. உங்களுக்கு அதான் வேணும்" என்று ஹமீது சொல்லிக்கொடுத்தார். பதினெட்டு நாள் சுண்ணாம்புக் குழியில் தோலைத் தள்ளத் தள்ள, ஹேவ் யூ சீன் மை சன், மேரே பேட்டே கோ தேக்கா ஹை, என் மகனைப் பார்த்திருக்கிறீர்களா என்றே முணுமுணுத்தேன். புத்தகத்தில் அடுத்த வரி மாம்பழம் தின்றிருக்கிறாயா என்பது. அதுவும் வாயில் ஒட்டிக்கொண்டது. "மாமா, துரைகிட்ட மாம்பழத்தக் கேட்டுடாத" என்று குழியில் கூட வேலை செய்யும் கோதண்டபாணி கிண்டல் செய்தான். இந்தக் கவனத்தில் தோலை ஒரு நாள் ஜாஸ்தி ஊறவிட்டு மேஸ்திரியிடம் திட்டும் வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை துரை வந்தார். உன் பேரையும் சேர்த்துப் பிசகாமல் கேட்டேன். அவர் மளமளவென்று பதில் சொன்னார். கேட்கத்தான் படித்தேனே தவிர, பதிலுக்குப் படிக்கவில்லை. ஹமீது முகத்தைப் பார்த்தேன்.

"புள்ள நல்லா இருக்கான். ஆனா அவன் அப்பா போன சித்திரையில செத்துட்டாராம், பதினஞ்சு நாள் ரஜா குடுத்தேங்கிறாரு. நீங்க யாருன்னு கேக்குறாரு. இன்னா சொல்லட்டும்?"

"பெரியப்பன்னு சொல்லுங்க. நம்ம பக்கம் தம்பி புள்ளையும் மகன்தான்னு சொல்லுங்க" என்றேன். உன் வேலை போய்விடக் கூடாதே. துரை தொப்பியைக் கழற்றி, தம்பியை இழந்த எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

உன் அம்மாவிடம் நீ சுகம் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதினைந்து நாள் எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. செத்தவனுக்குக் கடிதம் எதற்கு? நீ போடவும் வேண்டாம், வரவும் வேண்டாம்.

காவல் தூதரான சம்மனசு உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பன் தேவசகாயம்

பி.கு.: நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அப்பன் குழியில் மெழுகுவத்தி ஏற்றவேண்டும் என்று துரையிடம் ரஜா கேள். கொடுப்பார், குடும்பத்தில் ஒருவரை அவருக்குத் தெரியும். வத்தி வாங்கிவராதே. ஸ்டேஷனில் நான் நிற்பேன்.