கேமராவுக்குப் பொட்டு வைத்த கதை

ஒரு காட்டில், புலி கவுன்சிலராக இருந்த காலத்தில், வைஜயந்தி என்றொரு கோழி மொட்டை மாடி வீட்டில் குடியிருந்தது. பொரித்த குஞ்சுகளில் மிச்சம் ஒன்றுதான். மற்றவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருந்தன. அதனால் இலை அசைந்தாலும் வைஜயந்தி குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஒரு கேமரா வாங்கி மாடிக் கம்பத்தில் மாட்டியது. காற்றடித்தால் கம்பம் ஆடியது. கம்பம் ஆடினால் படத்தில் காடே ஆடியது. அந்தப் படத்தைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனபோது ஏட்டையா கரடி கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"என்னம்மா இது, தலை சுத்துது. ஆடாம எடுத்துட்டு வாங்க. அப்புறம் திருடனைத் தேடலாம்."

வேலைக்குக் குரங்கு சடையன் வந்தது. கம்பத்தைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து, மேலும் கீழும் கிளாம்ப் போட்டு முறுக்கியது. மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியது. பிறகு உச்சியில் வாலால் தொங்கிக் காட்டியது.

"பாத்தியாக்கா, அசையுதா? இனி புயலே வந்தாலும் அது பாட்டுக்கு நிக்கும்."

வைஜயந்திக்குப் பாதி உயிர் திரும்பியது. ஆனால் நம் காட்டில் புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் ஓட விடுவார்களா? குடியிருப்போர் சங்கச் செயலாளர் நரி ஏகாம்பரம் சந்தனக் கிண்ணத்தோடு தாமே படியேறி வந்துவிட்டார். அவ்வளவு பொதுநலம்.

"நெத்தியில நல்லா பெருசா வைப்பா."

"கேமராவுக்கு நெத்தி எது சார்?" என்றது சடையன்.

"முன்னாடி கண்ணாடி மாதிரி வட்டமா இருக்கே, அதுதான்."

சந்தனம், அதன்மேல் குங்குமம். வைஜயந்தியின் போனில் காடு மொத்தமும் சிவந்து மறைந்தது. ஆனால் துளிகூட ஆடவில்லை.

"சார், ஒண்ணுமே தெரியலையே. துடைச்சிடட்டுமா?"

"மங்கலமா வெச்சதை அழிக்கிறதா? பிள்ளை இருக்கிற வீடும்மா, பாத்துக்க," என்றார் நரி.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த கோழிதான். சகுனம் பார்ப்பது மூடத்தனம் என்று பரீட்சையில் எழுதி முதல் மார்க் வாங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பரீட்சை எழுதியபோது அதற்குக் குஞ்சு இல்லை. துடைக்கத் தூக்கிய இறக்கையை மடக்கிக்கொண்டது.

இரண்டொரு நாள் பொறுத்தது. ஒரு மத்தியானம் தாங்க முடியாமல், குஞ்சைத் தூங்கப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடியது. இறக்கையாலேயே கண்ணாடியைத் துடைத்தது. போனில் படம் பளிச்சென்று வந்தது. படத்தில் நரி ஏகாம்பரம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். வாயில் குஞ்சு.

கோழி கதறிக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடியது. ஏட்டையா வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"அடடா, என்ன தெளிவு! நம்ம செயலாளர் சார்தானே? குழந்தை தனியா கிடக்கேன்னு, எவ்வளவு பக்குவமா தூக்கிட்டுப் போறார் பாருங்க."

"ஐயா, அது என் குஞ்சு! அவர் தின்னுட்டார்!"

"அது வீடியோவுல இல்லையேம்மா." ஏட்டையா படத்தின் ஓரத்தைத் தொட்டார். "இந்த இறக்கை யாருது?"

"என்னுதுதான்."

"கைக்குழந்தையைத் தனியா போட்டுட்டு மொட்டை மாடியில உங்களுக்கு என்னம்மா வேலை?"

 ஏட்டையா வைஜயந்தி பேரில் வழக்கு எழுதத் தொடங்கினார்.

நீதி: கேமராவை ஆடாமல் பொருத்துங்கள். தப்பு அம்மாவுடையதுதான் என்பது அப்போதுதான் தெளிவாகப் பதிவாகும்.