சொம்புச் சாமி குடித்த நாலு டம்ளர் தீர்த்தம்

2003-ஆம் வருடம் மே மாதம் சின்னமனூர்ப் பக்கம் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவில்லை. "ஒங்க பிள்ளையச் சொம்புச் சாமிகிட்டக் காட்டியாச்சா?" என்றுதான் கேட்டார்கள். கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்தார்கள். கெங்குவார்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை; எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கோளாறு. நின்ற இடத்தில், நினைத்த நேரத்தில் ஒன்றுக்குப் போவது. இரண்டு வயதில் மனிதப் பிறவி அப்படித்தான் இருக்கும் என்று உலகம் இத்தனை காலம் நம்பியிருந்தது. சாமி வந்துதான் அது தோஷம் என்று கண்டுபிடித்தார்.

கேபிள் டிவியில் படத்துக்கு அடியில் அவர் விளம்பரம் ஓடியது. "மந்திரம் சொன்னால் சொம்பில் போகும். ஒரே அமர்வில் தீர்வு. செவ்வாய், வெள்ளி மட்டும்." மற்ற நாட்களில் தோஷத்துக்கு லீவு போலிருக்கிறது.

வருசநாட்டு மலையில் பன்னிரண்டு வருடம் தவம் இருந்தவராம். தவம் முடிந்ததும் கைலாயத்துக்குப் போகாமல், ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த ஒரு வாழைக்காய்க் கோடவுனுக்கு வாடகைக்கு வந்து சேர்ந்தார்.

ஞானசெல்விக்கு அவசரம் இருந்தது. தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. ஜூன் இரண்டாம் தேதி சேரவேண்டும். மகன் ஒச்சாண்டியை நர்சரியில் விட்டால்தான் வேலைக்குப் போக முடியும். நர்சரி நடத்தும் சாராள் டீச்சரோ கறாராகச் சொல்லிவிட்டார்: "வருதுன்னு வாயத் தெறந்து சொல்ற பிள்ளைன்னா கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி அடுத்த வருசம் பாப்போம்."

ஒச்சாண்டி என்பது குலசாமி பெயர். பெயரில்தான் கம்பீரம், வயது இரண்டரை. அவன் உட்கார்ந்து போவதற்கென்று அப்பா முத்துராஜா தேனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாத்து வாங்கி வந்திருந்தான். ஒச்சாண்டி அதன்மேல் ஏறி வீடு முழுக்க வண்டி ஓட்டினான். வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, பக்கத்தில் போனான்.

"சாமிகிட்டப் போயிருவோம்" என்றான் முத்துராஜா. போனார்கள்.

கோடவுனில் முதலில் டோக்கன். அப்புறம் பிள்ளைக்கு இரண்டு டம்ளர் தீர்த்தம். கருஞ்சிவப்பாக, தித்திப்பாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடுவில் பிள்ளையை வெளியே கொண்டுபோனால் மந்திரம் பலிக்காது என்று சீடன் வைகுண்டராஜ் கண்டிப்பாகச் சொன்னான். வரிசையிலேயே நனைத்துவிட்ட பிள்ளைகளுக்குப் பாதித் தோஷம் கழிந்ததாகக் கணக்கு. மீதிக்கு அடுத்த செவ்வாய் வரவேண்டும்.

சாமி காவித் துணி போர்த்திய ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். காலையில் உட்கார்ந்தால் கூட்டம் கலையும்வரை எழுந்திருக்க மாட்டார். அதுவும் தவ வலிமையாம். ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்கு மெல்லிய தாரையாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, கண்ணை மூடி மந்திரம் சொன்னார்.

"ஓம்... ஹ்ரீம்... ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

ஒச்சாண்டி தன் முன்னால் வைத்திருந்த மூன்றாவது சொம்பை நிரப்பினான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தோஷம் வெள்ளியில ஒட்டிக்கிருச்சு தாயி. அரணாக்கொடியக் கழட்டு. பெரியாத்துல விட்டுர்றேன்" என்றார் சாமி.

அது ஞானசெல்வியின் அண்ணன், தாய்மாமன் சீராகப் போட்ட வெள்ளி அரைஞாண். அரசிலை தொங்கும். அவள் கை தயங்கியது. முத்துராஜாவின் கை தயங்கவில்லை. வெள்ளி போய் இடுப்பில் கறுப்புக் கயிறு ஏறியது.

வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒச்சாண்டி வாசற்படியை நனைத்தான்.

"நம்ம நம்பிக்க பத்தல" என்றான் முத்துராஜா மறுநாள். "போய்க் கேட்டுட்டு வந்தேன். தோஷம் பிள்ளை கால் கொலுசுக்கு எறங்கிருக்கும்னு சொன்னாக. வெள்ளிக்கெழம கொண்டாரணுமாம்."

ஞானசெல்விக்கு அழுகையாக வந்தது. எதிர்வீட்டு மெகருன்னிசாவிடம் போய்க் கொட்டினாள். மெகருன்னிசா மூன்று பிள்ளைகளைப் பழக்கி எடுத்தவள். கணவர் ரஃபி பழமண்டி வைத்திருந்தார்.

"குடிக்கக் குடுத்தாகளே, அது என்ன செல்வி?"

"மலை மூலிகைத் தீர்த்தம்க்கா."

"மூலிகையா? எங்க மண்டியிலருந்து வாரத்துக்குப் பத்துப் பெட்டி பன்னீர்த் திராட்சை அங்கனதான் போகுது! அதக் குடுத்துட்டு எம்புட்டு நேரம் உக்கார வச்சாக?"

"ஒன்றரை மணி நேரம்."

"அதுக்கப்பறம் தண்ணிய ஊத்திக்கிட்டு ஸ்ஸ்ஸ்ஸுன்னாகளாக்கும்? ஏடி, பிள்ளையக் கால்ல உக்கார வச்சு நாம சொல்றதும் அதத்தான? மூணு பிள்ளைக்குச் சொல்லியிருக்கேன். எனக்கு எவளும் சூடம் காட்டல."

ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்தது. அரைஞாண் நினைவு வந்ததும் சிரிப்பு நின்று, தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தினம் தன் வாயால் சொல்லும் மந்திரத்துக்கா அண்ணன் சீரைக் கழற்றிக் கொடுத்தோம்?

வெள்ளிக்கிழமை மெகருன்னிசாவும் கூடப் போனாள். ஒச்சாண்டி தீர்த்தம் குடித்தான். முறை வருவதற்குச் சற்று முன், சீடன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், மெகருன்னிசா பிள்ளையை வாழைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய் வேலையை முடித்துக் கூட்டி வந்தாள்.

சாமி மந்திரம் சொன்னார். ஒன்றுமில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார். சொம்புத் தண்ணீர் தீர்ந்தது. ஒச்சாண்டி அவர் தாடியை ரசித்துப் பார்த்து, "இன்னும் ஜூஸ்" என்றான்.

"கடுமையான தோஷம்!" என்றார் சாமி. "கொலுசக் கழட்டு தாயி."

ஞானசெல்வி கொலுசைத் தொடவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம். தீர்த்தம் தோஷம் உள்ளவுகளுக்குத்தான வேல செய்யும்?"

"ஆமா தாயி."

"ஒங்களுக்குத் தோஷம் இருக்கா?"

"எனக்கேது தோஷம்? பன்னெண்டு வருசத் தவம்!"

"அப்ப நாலு டம்ளர் குடிச்சிட்டு ஒன்றரை மணி நேரம் இங்கனயே உக்காருங்க. எந்திரிக்கலேன்னா கொலுசோட என் கம்மலையும் சேத்துத் தாரேன்."

"செல்வி!" என்று அலறினான் முத்துராஜா. சாமியின் கண் கம்மலில் நின்றது. கூட்டமும் ஆவலாகிவிட்டது. அது சாமியை நம்பியே ஆவலானது. ஒரு அற்புதம் இலவசமாகக் கிடைக்கிறதே!

சாமி நாலு டம்ளரையும் குடித்தார்.

அரை மணியில் புன்னகை குறைந்தது. ஒரு மணியில் சம்மணம் மாறியது. மெகருன்னிசா இரண்டு சொம்பையும் எடுத்துவைத்துக்கொண்டு, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் பொறுமையாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"தண்ணிய நிப்பாட்டு ஆத்தா" என்றார் சாமி.

"ஏன் சாமி? பூசைத் தண்ணிதான?"

மடியில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி, பழக்க தோஷத்தில், "ஸ்ஸ்ஸ்" என்றாள். அடுத்தவள் சேர்ந்தாள். கோடவுனே ஸ்ஸ்ஸ் என்றது. சாமியின் நெற்றி வேர்த்தது. முட்டி இரண்டும் தந்தி அடித்தன. எழுந்திருக்கவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தவம் செய்தவரின் முகம் இப்படி இருக்காது என்று கூட்டத்துக்கு அப்போதுதான் லேசாகத் தோன்றியது.

ஒன்றே கால் மணியில் பன்னிரண்டு வருடத் தவம் முடிந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாழைத் தோட்டத்தைப் பார்க்க ஓடினார். காவித் துணி காலில் சிக்கிக் கூடவே போனது. பெட்டி மூடி எகிறித் திறந்தது.

உள்ளே வெள்ளி! பெரியாற்றோடு போயிருக்க வேண்டிய அரைஞாண்கள் நனையாமல் சுருண்டு கிடந்தன. ஞானசெல்வி அரசிலையைப் பார்த்துத் தன்னுடையதை எடுத்தாள். மற்ற தாய்மாரும் வந்து மொய்த்தார்கள். சீடன் பின்வாசலைத் தேடினான்; அங்கே சேலைகளே நின்றன.

தோட்டத்திலிருந்து சாமியைப் பிடித்து வந்தபோது தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. வருசநாட்டு ஆள் ஒருவர் உற்றுப் பார்த்தார்.

"ஏலே, நம்ம சுருளியாண்டி! பஞ்சாயத்து மோட்டார் ரூம்ல தண்ணி தெறந்து விட்டவன்தானலே நீ?"

ஆக, தண்ணீர் திறந்துவிடுவதில் அனுபவம் இருந்தது உண்மைதான்.

போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். முத்துராஜா மட்டும் மெல்ல, "என்ன இருந்தாலும் மொதத் தடவ சொம்புல போனான்ல?" என்றான். ஞானசெல்வி பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினான்.

அப்போது சேலை முந்தானை இழுபட்டது.

"அம்மா, எனக்கும் வருது. சாமி மாதிரி ஓடணும்."

அம்மாவும் மகனும் ஓடினார்கள். போய்ச் சேரும் முன்பே பாதி நனைந்துவிட்டது. ஆனால் சொன்னான்! அவள் அங்கேயே அவனைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள்.

பிறகு நடந்ததில் அற்புதம் எதுவும் இல்லை. எழுந்ததும் வாத்து, சாப்பிட்டதும் வாத்து. போனால் பாராட்டு, போகாவிட்டால் கோபமில்லாத காத்திருப்பு. வாளி வாளியாகத் துணி துவைத்தாள். ஜூன் இரண்டாம் தேதி காலை, நர்சரி வாசலில் ஒச்சாண்டி சாராள் டீச்சரைப் பார்த்துச் சத்தமாக, "வருது!" என்றான். ஞானசெல்வி நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

போன மாதம் உத்தமபாளையம் பக்கம், பிள்ளைகளின் விக்கலை நிறுத்தும் சாமியார் ஒருவர் வந்திருக்கிறாராம். நல்ல கூட்டமாம். தான் நனைவது அன்று இரண்டரை வயது ஒச்சாண்டிக்கே தெரிந்துவிட்டது. வரிசையில் நிற்கும் பெரியவர்களே, டோக்கன் வாங்குமுன் நீங்களும் ஏமாந்து நனைந்திருக்கிறீர்களா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.