சபூறாவின் அடுப்பு முன்னேற்றப்பட்ட வரலாறு

மனித குல வரலாற்றில் மகத்தான நிகழ்ச்சிகள் இரண்டே இரண்டுதான். முதலாவது, மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, 1982ஆம் ஆண்டு எங்கள் கடற்கரைத் தெருவில் சபூறாவின் அடுப்பை நாங்கள் மாற்றியது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விவகாரம். முதலாவது நிகழ்ச்சிக்குக் கூட்டக் குறிப்பு கிடையாது. இரண்டாவதற்கு உண்டு. அதை எழுதியவன் நான்.

என் பெயர் பதியுதீன். கல்முனைக்குத் தெற்கே உள்ள எங்கள் 'கடற்கரைத் தெரு மாதர் முன்னேற்றச் சபை'யின் செயலாளர். தலைவர் கலந்தர் ஹாஜியார். பொருளாளர் றவூப். இன்னும் நான்கு உறுப்பினர்கள். மொத்தம் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். மாதர் முன்னேற்றத்துக்காக மாதரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் சட்டதிட்ட யாப்பின் மூன்றாம் பிரிவு. பாவம், அவர்களுக்கு வீட்டில் எவ்வளவோ வேலை.

சபை தொடங்கி ஒரு வருடம் வரை முன்னேற்றுவதற்கு யாரும் அகப்படவில்லை. பிறகுதான் சபூறா எங்கள் கண்ணில் பட்டாள். புருசன் மௌத்தாகிப் போன பிறகு மூன்று பெண் பிள்ளைகளையும் ஒரு கரியடுப்பை வைத்தே வளர்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து, கரைவலை இழுத்தவர்கள் பசியோடு கரையேறும் நேரத்தில், கிடுகு வேலியோரம் அடுப்பைத் தூக்கி வைப்பாள். சிரட்டைக்கரி போட்டு, மேலே கம்பி வலை வைத்து, மிளகாயும் புளியும் பூசிய சூரை மீனைச் சுடுவாள். அந்த மணம் பள்ளிவாசல் வரை போகும். பொழுது சாயும் மஃரிபுக்கு முன்னர் மீன் முடிந்துவிடும். எங்கள் நிருவாகக் குழுவும் அங்கே வரிசையில் நின்று தின்றிருக்கிறது, தனிப்பட்ட முறையில்.

அடுப்பைப் பரிசீலித்து நான் எழுதிய அறிக்கை இப்படி இருந்தது: "சுட்ட மண்ணாலானது. பெரிய பானையளவு. பாத்திரம் தாங்கும் குமிழ்கள் மூன்று. அதில் ஒன்று உடைந்து, இரும்புக் கம்பியால் கட்டப்பட்டுள்ளது. நிறம் கறுப்பு. நாகரிகம் அற்றது."

"இதப்போல இன்னொண்டும் இந்தத் தெருவுல இரிக்கி காக்கா" என்றாள் சபூறா. எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

புதிய அடுப்பு றவூபின் நன்கொடை. அவருடைய மச்சான் சவூதியிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. சிவப்பு வர்ணம், வட்ட மூடி, மூடியின் மேல் சூடு காட்டும் மணிக்கூடு போன்ற ஒன்று, கீழே இரண்டு சில்லு. மணலில் அந்தச் சில்லு உருளவில்லை. ஆனாலும் சில்லு இருந்தது. பழைய அடுப்புக்குச் சில்லே இல்லை என்பதைச் சபை கவலையோடு கவனத்திற்கொண்டது.

சிக்கல், அடுப்பு வந்த பெட்டியில் முளைத்தது. பெட்டியின் மேல் ஒரு படம். படத்தில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டு இறைச்சி சுடுகிறான். விசேட கூட்டம் கூட்டப்பட்டது.

"இது என்ன எறச்சி?" என்றார் கலந்தர் ஹாஜியார், படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து.

"மாடாத்தான் இரிக்கும்" என்றார் றவூப்.

"மாடு எண்டு எப்பிடித் தெரியும்? இந்த நிறத்துல மாடு கண்டிரிக்கயா நீ?"

"ஹாஜியார், அது கடதாசில இரிக்கிற எறச்சி."

"கடதாசில இரிந்தா என்ன, அவன் சுடுறது இந்த அடுப்புலதானே."

இதற்கு மேல் வாதாட முடியாது. மௌலவியிடம் ஆள் அனுப்பினோம். அவர் பெட்டியையும் போனவனையும் மாறி மாறிப் பார்த்தாராம். "புது அடுப்பு. யாரும் தொடல்ல. ஒண்டும் செய்யத் தேவல்ல. போய்ப் புள்ளைகளுக்குச் சுட்டுக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினார். மார்க்கம் அறிந்தவர்கள் இப்படி இலேசாகப் பேசினால் நாங்கள்தான் பேணுதலாக நடக்க வேண்டும். படத்தில் இருந்தது பன்றியாக இருந்துவிட்டால் என்ன செய்வது? ஏழு தரம் கழுவுவது, அதில் ஒரு தரம் மண் போட்டுக் கழுவுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஏழு பேர், ஏழு தரம். ஆளுக்கொரு முறை என்று பிரித்துக்கொண்டோம்.

கிணற்றில் இறைப்பதற்குக் கஷ்டம் என்பதால் கடலுக்குக் கொண்டுபோனோம். மண்ணும் அங்கேயே கிடந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நிருவாகக் குழு முழுவதும் முழங்காலளவு தண்ணீரில் நின்று அடுப்பைத் தேய்த்த காட்சியைக் கரைவலைக்காரர்கள் வலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நாலாம் கழுவலில் ஓர் அலை வந்து ஹாஜியாரையும் அடுப்பையும் சேர்த்துப் புரட்டியது. அதை ஐந்தாம் கழுவலாகக் கணக்கெடுப்பதா என்று சிறிது நேரம் விவாதம் நடந்தது. கழுவுகிறேன் என்று மனதில் நிய்யத் வைத்தது ஹாஜியாரா அலையா என்ற கேள்வியில் பிரேரணை தோற்றது.

மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது அடுப்பில் துருவேறிக் கறள் பிடித்திருந்தது. காற்றுத் துவாரங்கள் எல்லாம் மணல். மூடி அசையவில்லை. மணிக்கூட்டுக்குள் கடல் தண்ணீர் நின்று, அதில் முள் மிதந்தது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கச் சிவப்பாகவே இருந்தது. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டதால் சபை மனந்தளரவில்லை.

பிரதம அதிதி திருவாளர் நல்லரெத்தினம். பெரிய உத்தியோகத்தர். முன்னேற்றம் எங்கே நடந்தாலும் ஜீப்பில் வந்து திறந்து வைப்பவர். நிகழ்ச்சி நிரல் இரண்டே அம்சம். முதலில் புதிய அடுப்பில் சுட்ட மீனை அவர் சுவைப்பார். அடுத்து, பழைய அடுப்பை அவர் கையாலேயே இரும்பு அலவாங்கால் உடைப்பார். 'பழமை உடைத்தல்' என்று அழைப்பிதழில் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம்.

அழைப்பிதழ் கிடைத்த அன்றே சபூறா என் வீட்டுக்கு வந்தாள்.

"காக்கா, புதிசு வேணாமெண்டு நான் சொல்லல்ல. தாங்க, வெச்சிக்கிறன். பழச மட்டும் ஒடைக்காம உடுங்க. இந்தளவு பெரிய மீன் கொள்ளுற அடுப்பு கல்முனச் சந்தையிலயும் இல்ல, அக்கரைப்பத்திலயும் இல்ல. புதிசு எரியாமப் போனா அடுத்த நாள் என்ட புள்ளைகளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

நான் பொறுமையாக விளக்கினேன். "தங்கச்சி, ரெண்டும் இரிந்தா நீங்க முன்னேறினது வெளியில எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சாக் காணாதா காக்கா?"

"காணாது. அறிக்கையில போடணும்."

கதவு மறைவில் நின்று என் மனைவி ஸம்ஸியா கேட்டுக்கொண்டிருந்தாள். சபூறாவின் கையைப் பிடித்து, "வாகா, நீ இஞ்சால வா" என்று குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் நீண்ட நேரம் குசுகுசுத்தார்கள். பெண்கள் கதைப்பதை நான் குறிப்பெடுப்பதில்லை.

விழா நாள். பந்தல், ஒலிபெருக்கி, வெள்ளைத் துணி விரித்த மேசை, நடுவில் மாலை போட்ட சிவப்பு அடுப்பு. காலையில் றவூப் அதில் கரி போட முயன்று, மூடியோடு மல்லுக்கட்டி, விரலை நசுக்கிக்கொண்டதோடு அந்த அடுப்பின் சேவைக்காலம் முடிவுற்றது. நாற்பது பேருக்கு மீன் வேண்டும். ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் றவூபைப் பார்த்தேன். றவூப் விரலைப் பார்த்தார். மூவரும் வேலிக்கு அப்பால் சபூறாவைப் பார்த்தோம்.

"தங்கச்சி" என்றார் ஹாஜியார், அதுவரை நாங்கள் கேட்டிராத இனிமையான குரலில். "கடைசித் தடவையா அந்தப் பழசிலயே சுட்டுத் தாங்க. சத்தம் வெளியில போகக் கூடா."

"சத்தம் போகாது ஹாஜியார். மணம் போகும்" என்றாள் சபூறா. அடுப்பை மூட்டினாள்.

வேலி ஓட்டையால் தட்டு தட்டாக மீன் வந்தது. நான் வாங்கிச் சிவப்பு அடுப்புக்குப் பின்னால் குனிந்து, நிமிர்ந்து, அதிலிருந்து எடுத்ததாக மேசைக்குக் கொண்டுபோனேன். நாற்பது தரம் குனிந்து நிமிர்ந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. நிருவாகம் என்றால் சும்மாவா.

நல்லரெத்தினம் ஐயா முதல் துண்டை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். இரண்டாவது மீனையும் எடுத்தார். ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார்.

"இதுதான் நவீனம். இதுதான் விஞ்ஞானம். இந்தச் சுவை அந்தப் பழைய மண்ணடுப்பில் வருமா?"

கூட்டம் முழுவதும் சபூறாவைத் திரும்பிப் பார்த்தது.

"எப்பிடி ஐயா வரும்" என்றாள் அவள், முகம் மாறாமல். கையில் இன்னும் கரி.

அடுத்த அம்சம். பழைய அடுப்பைக் கொண்டுவரச் சொன்னோம். "கனல் கிடக்கு. ஆறட்டும். அரை மணித்தியாலம் பொறுங்க" என்றாள். அந்த அரை மணித்தியாலத்தை ஹாஜியார் வரவேற்புரையால் நிரப்பினார். பிறகு இரண்டு பேர் வீட்டுக்குள்ளிருந்து அடுப்பைத் தூக்கிவந்து மணலில் வைத்தார்கள். நான் கிட்டப்போய்ப் பரிசோதித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், உள்ளே சாம்பல்கூட இல்லை. குமிழில் கட்டியிருந்த கம்பியையும் காணவில்லை. உடைந்த குமிழே சேர்ந்துவிட்டிருந்தது. கறுப்பு முழுவதும் போய்ப் பச்சை வர்ணம் தெரியும்வரை தேய்த்துக் கழுவியிருந்தாள். அழியப்போகும் அடுப்புக்குக்கூட இவ்வளவு மரியாதை. ஒலிபெருக்கியில் அதைப் பாராட்டிப் பேசினேன். "பாருங்கள், எமது சபையின் கை பட்டதும் சபூறாவிடம் ஏற்பட்ட துப்புரவை."

பெண்கள் நின்ற பக்கத்தில் யாரோ முந்தானைக்குள் சிரித்தார்கள். ஆனந்தச் சிரிப்பு என்று குறித்துக்கொண்டேன்.

முதல் அடிக்கு அடுப்பு உடையவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதில் அது நடுவால் பிளந்து விழுந்தது. நேரம் பிற்பகல் ஐந்து பத்து என்று நானே அறிவித்தேன். கைதட்டல்.

பரிமாறியவனுக்கு மீன் மிஞ்சவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஸம்ஸியா, காலையில பாரை மீன் குடுத்தனுப்பினனே, சுடல்லியா?"

"எதுல சுடுற?"

"அடுப்புல."

"எந்த அடுப்புல?"

"நம்மட அடுப்புலதான். வேற எதுல?"

அவள் என் முன்னால் வந்து பாயில் உட்கார்ந்தாள். "நம்மட அடுப்பு என்ன நிறம்? சொல்லுங்க பாப்பம்."

அடுப்பு வேறு என்ன நிறத்தில் இருக்கும்? "கறுப்பு" என்றேன்.

"பச்ச" என்றாள் ஸம்ஸியா. "கலியாணம் முடிச்ச வருசம் நானும் சபூறாவும் ஒரே வண்டிக்காரன்ட்ட சோடியா வாங்கின. அவடது கீழ விழுந்து குமிழ் ஒடஞ்ச. நம்மடதுல ஒரு கீறல் இல்ல, நான் நாளாந்தம் கழுவுற. அதத்தான் இண்டைக்கு அஞ்சு பத்துக்கு ஒடச்சீங்க. நேரத்தயும் நீங்கதான் சொன்னீங்க."

"நீயா குடுத்த?"

"ஓம், நான்தான் குடுத்த. என்ட அடுப்பு ஒடஞ்சா உங்களுக்குச் சுட்ட மீன் இல்ல. அவட அடுப்பு ஒடஞ்சா மூணு புள்ளைக்குச் சோறு இல்ல. உங்கட சபைக்கு ஒடைக்க ஒண்டு வேணும், அவளுக்குச் சுட ஒண்டு வேணும். ரெண்டும் நடந்திரிக்கி." பாயில் கிடந்த மணலைத் தட்டிவிட்டாள். "நம்மட அடுப்பெண்டு கண்டு எழும்பி நிப்பாட்டுவீங்க எண்டு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு நிண்டன். எனக்குக் கவலதான். பத்தொம்பது வருசம் அதுல சுட்டதத் திண்ட மனிசன், கையால தொட்டுப் பாத்தும் அடையாளம் தெரியல்ல."

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு சபூறா வழக்கம்போல் வேலியோரம் கம்பி கட்டிய அடுப்பை வைத்தாள். அதிகாரபூர்வமாக அந்த அடுப்பு இப்போது உலகத்தில் இல்லை என்பதால், சபை அதைக் கண்டுகொள்ள முடியாது. நான் தட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஹாஜியார் நின்றார்.

அந்த வாரக் கூட்டத்தில் மற்ற ஆறு பேரிடமும் அவரவர் வீட்டு அடுப்பின் நிறத்தைக் கேட்டேன். ஐந்து பேர் என்னைப் போலவே யோசிக்காமல் கறுப்பு என்றார்கள். ஹாஜியார், "நம்மட ஊட்டுல அடுப்பு எங்க இரிக்கி?" என்று கேட்டார். ஒருவருக்கும் பார்வை சரியில்லை போலும் என்று கவலையடைந்த சபை, அடுத்த திட்டமாக, தெருவிலுள்ள மாதர் அனைவருக்கும் இலவசக் கண் பரிசோதனை நடத்துவதென ஏகமனதாகத் தீர்மானித்தது.

தீர்மானத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஸம்ஸியா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"மாதருக்கு என்னத்துக்கு? எங்களுக்கு உங்க ஏழு பேரையும் நல்லாத் தெரியுதே."