குருவி கீழே பார்த்த தோரணம்

நல்ல மனம் இருந்தால் எதையும் செய்யலாம் என்பார்கள். தோரணம் மட்டும் கட்டக்கூடாது.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் கடைத்தொகுதியின் மேல்மாடி சும்மா கிடந்தது. கரம்போர்ட் விளையாட எங்களுக்கு அந்த இடம் வேண்டும். மனேஜர் சின்னையாவோ எங்களைப் படியில் கண்டாலே குடையை ஓங்குவார். (நாங்கள் போட்ட சத்தத்துக்கு அது குறைவுதான்.) அவர் வயிற்று ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். சுகமாகித் திரும்பும் நாளில் தோரணம் கட்டி மாலை போட்டால் மனுசன் இளகிவிடுவார், மேல்மாடிப் பூட்டின் திறப்பும் கிடைக்கும் என்பது என் கூட்டாளி, காத்தான்குடி ரஹீமின் யோசனை.

"தோரணம் பின்ன ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

"எனக்கு!" என்றேன். (தெரியாது என்று சொல்ல அப்போது எனக்குத் தெரியாது.)

கல்லடியில் ஒரு வீட்டு வாசலில் பார்த்த தோரணம் கண்ணிலேயே நின்றது. குருத்தோலையில் மடித்த குருவிகள் எல்லாம் அடக்கமாகத் தலைகுனிந்திருந்தன. அப்படியே பின்னி, விடிய முன்னரே வாசல் முழுக்கக் கட்டினோம். நல்ல காரியத்துக்குக் குருவி மேலே பார்க்க வேண்டும், செத்த வீட்டுக்குத்தான் கீழே பார்க்கும் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் ரஹீமுக்கும் மட்டும் தெரியாது. அந்தக் கல்லடி வீடு செத்த வீடென்பதும் தெரியாது.

முதலில் வந்தவர் மீன் விற்கும் தங்கம்மாக்கா. அண்ணாந்து பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார்.

"தம்பி, ஐயாவ எப்ப மகனே கொண்டு வாறாங்க?"

"காலை ரயிலில வந்திருவார் அக்கா!" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"ஐயோ, என்ட ராசா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புடவைக்கடை ஹாஜியார் பாதிக் கதவைச் சாத்தினார். தேத்தண்ணிக் கடையில் ரேடியோ நின்றது. மனேஜரோடு முகம் கொடுத்தே பேசாத தையல்காரர்கூட "தங்கமான மனுசன்" என்று மூக்கைச் சிந்தினார். ஊருக்கு அவர்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கும் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துச் சின்னையா, ஸ்டேஷனிலிருந்து வந்த காரைவிட்டு இறங்கினார், குடையோடு. ஒப்பாரி பாதியில் நின்றது. தங்கம்மாக்கா அவர் கையைக் கிள்ளிப் பார்த்தார். சின்னையா தோரணத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"ஆர்ரா இதக் கட்டினது?"

பாராட்டத்தான் கேட்கிறார் என்று முன்னால் வந்தேன். "நான்தான் சேர்!"

குடை உயர்ந்தது. மேல்மாடி போயே போச்சு என்று ரஹீம் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் தையல்காரரின் அழுத முகத்தைக் கண்டதும் சின்னையாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி சிரித்தார்.

"செத்தாத்தான் நம்மட அருமை தெரியும் எண்டுவாங்க. எனக்குச் சாகாமலே காட்டிப்போட்டான். இந்தா திறப்பு! முதல்ல அதக் கழட்டு!"

பிறகு என் கலியாணத்துக்கும் வந்தார். எல்லாரும் பெண்ணைப் பார்க்க, அவர் வாசலில் நின்று தோரணத்தைப் பார்த்தார்.

"தம்பி, சாப்பிட்டுப் போறதா? இல்லாட்டி வீட்ட போய்த் தலை முழுகிறதா?"

பெண் அதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் என் கையில் ஒரு குருத்தோலைகூடத் தருவதில்லை.